சந்தா கட்டும் முன் ரசிகர்களைத் தேடுங்கள்

புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மாதம் ஒரு ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கே அனுப்புகிறார்களாமே, அந்த மாதிரி கிளப்பில் சேரலாமா?"

சேரலாம். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். உங்களுக்குப் பிடித்த இசையை உயிராகக் கேட்கிற ஒரு ரசிகர் கூட்டத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அவர்களோடு கொஞ்ச நாள் கேளுங்கள். அப்புறம் சந்தா கட்டினால், வருகிற ரெக்கார்டுகளில் எது நம் காதுக்கு, எது வெறும் அலமாரிக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். பன்னிரண்டு ரெக்கார்டு வந்தது. இன்றைக்கும் எடுத்துப் போடுவது இரண்டைத்தான். மற்ற பத்தும் மோசமானவை அல்ல. நல்ல பிரஸ்ஸிங் (தட்டை அச்சிட்ட தரம்), கனமான அட்டை, அழகான படங்கள். எதை எதற்காகக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லாததால் அவை என்னிடம் ஒட்டவில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவதே அந்தப் பத்து ரெக்கார்டுகளுக்காகத்தான்.

கிளப் எந்த ரெக்கார்டை அனுப்பும்?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் பழைய ரெக்கார்டு கிளப்புகளைப் பார்க்க வேண்டும். கொலம்பியா என்ற ரெக்கார்டு நிறுவனம் 1955இல் தன் ரெக்கார்டு கிளப்பைத் தொடங்கியது. முறை புதியதல்ல, 1926இல் தொடங்கிய 'புக் ஆஃப் த மந்த் கிளப்' புத்தகங்களை அதே வழியில்தான் விற்றது. சேரும்போது நீங்கள் ஒரு பிரிவைச் சொல்ல வேண்டும்: சாஸ்திரிய இசை, கேட்பதற்கும் ஆடுவதற்குமான இசை, பிராட்வே மற்றும் சினிமாப் பாடல்கள், ஜாஸ். மாதாமாதம் ஒரு பட்டியலும் ஓர் அட்டையும் தபாலில் வரும். இந்த மாதத் தேர்வு வேண்டாம் என்றால் அட்டையில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்தால் ரெக்கார்டு வந்துவிடும், பில்லும் வந்துவிடும்.

இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் என்ற ஊரிலிருந்து பார்சல்கள் கிளம்பின. 1963 வாக்கில் அமெரிக்க ரெக்கார்டு விற்பனையில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு கிளப்பின் கையில் இருந்தது. பிற்காலத்தில் 'ஒரு பென்னிக்குப் பன்னிரண்டு' போன்ற விளம்பரங்களால் ஒரு தலைமுறையே இதை நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஒரு பென்னிக்குப் பின்னால், அடுத்த சில ஆண்டுகளில் இத்தனை ரெக்கார்டை முழு விலைக்கு வாங்குவேன் என்ற ஒப்பந்தம் இருந்தது. தபால் செலவு தனி. இந்த 'மறுக்காவிட்டால் சம்மதம்' முறையில் ஏமாந்தவர்கள் பலர். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1973இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது: நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், மறுப்பதற்கு வாடிக்கையாளருக்குக் குறைந்தது பத்து நாள் தர வேண்டும்.

கிளப்புகள் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். ரெக்கார்டு கடையே இல்லாத சின்ன ஊர்களில் இருந்தவர்களுக்கு அந்தத் தபால் பார்சல்தான் கடை. பல பேருடைய முதல் அலமாரி அப்படித்தான் நிறைந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த மாதத் தேர்வு யாருக்குப் போனது என்று யோசியுங்கள். அட்டையைத் திருப்பி அனுப்ப மறந்தவர்களுக்கு. லட்சக்கணக்கான அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரே ரெக்கார்டு போக வேண்டும் என்றால், அதைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருக்கும்: யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. யாரோ ஒருவர் உயிரை விட்டு நேசிக்கப்போகும் ரெக்கார்டு வேறு, யாருமே திருப்பி அனுப்பாத ரெக்கார்டு வேறு. தேடிப் போகிறவருக்கு வேண்டியது முதலாவது. கிளப்பின் கணக்குக்கு ஒத்துவருவது இரண்டாவது. இன்றைய சந்தா கிளப்புகள் பல மடங்கு நேர்மையானவை, ரசனையுள்ளவை. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே பெட்டியைக் கட்டும்போது இந்தக் கணக்கிலிருந்து முழுதாகத் தப்புவது கடினம்.

இன்னொன்று. கிளப் விற்பனையில் கலைஞர்களுக்குக் கிடைத்த ராயல்டி பொதுவாகக் கடை விற்பனையைவிடக் குறைவு. இலவசமாகத் தந்த ரெக்கார்டுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கிடையாது. பாடுபவருக்கு நம் காசு போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதையும் மனதில் வைக்கலாம்.

விற்காத ரெக்கார்டை யார் காப்பாற்றுவார்கள்?

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில், மான்செஸ்டரைச் சுற்றியுள்ள தொழிற்சாலை ஊர்களில், 1960களின் கடைசியிலும் 70களிலும் ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. வாரம் முழுக்க வேலை. வார இறுதியில் இரவு முழுக்க ஆட்டம். அவர்களுக்கு வேண்டியது வேகமான அமெரிக்க சோல் இசை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு. அதிலும் அமெரிக்காவிலேயே விற்காமல் போன, சின்னக் கம்பெனிகள் வெளியிட்டு மறந்துபோன சிங்கிள்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்ன ரெக்கார்டுகள். லண்டனில் ரெக்கார்டு கடை வைத்திருந்த டேவ் காடின் இதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தார். அவர்கள் கூடிய மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் என்ற நடன அரங்கு 1971இல் மூடியது. 1973 முதல் 1981 வரை விகன் கசினோ என்ற இன்னொரு நடன அரங்கு இந்தக் கூட்டத்தின் கோயிலாக இருந்தது.

குளோரியா ஜோன்ஸ் 1964இல் பாடிய 'டெய்ன்டட் லவ்' என்ற பாட்டு ஒரு சிங்கிளின் பி பக்கத்தில் வெளியாகி, ஓடாமல் போனது. நார்தர்ன் சோல் டிஜேக்கள் அதைத் தோண்டி எடுத்து ஆட வைத்தார்கள். அங்கிருந்து அது சாஃப்ட் செல் என்ற இருவர் குழுவின் காதுக்குப் போனது. 1981இல் அவர்கள் பாடிய வடிவம் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. ஃபிராங்க் வில்சன் பாடிய ஒரு சிங்கிள் 1965இல் அச்சாகி, வெளியீட்டுக்கு முன்பே கைவிடப்பட்டது. வெகு சில பிரதிகள்தான் மிஞ்சின. அதில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கும் மேல் விலைபோனது. எந்த மாதாந்திரக் கிளப்பும் இந்த ரெக்கார்டுகளை அனுப்பியிருக்க வாய்ப்பே இல்லை. கிளப் விற்கிற சரக்கிலிருந்து எடுக்கும். ரசிகர் கூட்டம் விற்காத சரக்கையும் கிளறும்.

அந்தக் கூட்டத்தில் குறையும் இருந்தது. தான் கண்டுபிடித்த ரெக்கார்டை மற்ற டிஜேக்கள் வாங்கிவிடக் கூடாது என்று லேபிளின் மேல் தாள் ஒட்டி, பொய்ப் பெயர் சொல்லிப் போட்டார்கள். நீங்கள் போகிற கூட்டத்திலும் பொத்திப் பொத்தி வைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் தாராளமாகச் சொல்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

முதல் படி: ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள்

ஜாஸ், சோல், ராக், கர்நாடகம், பழைய சினிமாப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கை நீட்டாதீர்கள். ஒரு கலைஞர், அல்லது ஒரு குழு, அல்லது ஓர் ஊரின் ஒரு காலத்து இசை. அதற்கு ஆறு மாதம் கொடுங்கள். அகலமாகக் கேட்பது பின்னால் தானாக வரும். ஆழமாகக் கேட்கிற கூட்டத்தில்தான் நுணுக்கமான வழிகாட்டிகள் இருப்பார்கள்.

எனக்கு அப்படிக் கிடைத்தது கிரேட்ஃபுல் டெட். கலிஃபோர்னியாவின் ராக் குழு. 1965இல் தொடங்கி, கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும் வரை முப்பது ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். ஒரு நாள் வாசித்த மாதிரி மறுநாள் வாசித்ததில்லை. ஒரு பாட்டு ஓர் இரவில் ஆறு நிமிடம், இன்னோர் இரவில் இருபத்தைந்து நிமிடம். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஒரே கல்யாணி, வேறு வேறு இரவு. அதனால் 'இந்தக் குழுவின் எந்த ரெக்கார்டை வாங்கலாம்' என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. எந்த இரவு, எந்தப் பாட்டு, எந்த ஒலிப்பதிவு என்றுதான் கேட்க வேண்டும். எந்தக் கிளப்பின் பட்டியலிலும் அதற்குப் பதில் இருந்ததில்லை. 1970இல் வந்த இரண்டு நல்ல ஸ்டூடியோ ஆல்பங்களும், 1987இல் அவர்களுக்குப் பெரிய வெற்றி தந்த ஆல்பமும் கிடைத்திருக்கும். அதைக் கேட்டுவிட்டு 'பரவாயில்லை' என்று சொல்லிக் கடந்து போயிருப்போம்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரியைப் பதிவு செய்தார்கள். 1971இல் புரூக்ளினில் லெஸ் கிப்பல் என்ற ரசிகர் டேப்களை இலவசமாக மாற்றிக்கொள்வதற்கென்றே ஒரு வட்டம் தொடங்கினார். குழு இதைத் தடுக்கவில்லை. 1984 அக்டோபரில், ஒலிப்பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: காசுக்கு விற்கக் கூடாது.

புதிதாக வருபவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களிடம் மாற்றிக்கொள்ள டேப் எதுவும் இல்லையா? வெற்று கேசட்டும் திரும்பி வரும் தபால் தலையும் அனுப்புங்கள், பதிவு செய்து அனுப்புகிறேன். இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். நல்ல டேப் ஒன்று கிடைத்தால் மரம் மாதிரி பரப்புவார்கள். ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகப் போக உஸ்ஸென்ற இரைச்சல் ஏறும் என்பதால் இது எத்தனையாவது பிரதி என்று உறையிலேயே எழுதி வைப்பார்கள்.

எண்பதுகளில் நம் ஊர் ரெக்கார்டிங் கடைகளில் கிட்டத்தட்ட இதே சந்தோஷம் கிடைத்தது. பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதி, அறுபது நிமிட வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். பி பக்கக் கடைசியில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் கடைக்கார அண்ணனே தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். லிஸ்டில் இல்லாத அந்தப் பாட்டைத்தான் நான் அதிகம் கேட்டேன். என் லிஸ்டைப் பார்த்து, இந்தப் பையனுக்கு இது பிடிக்கும் என்று யோசித்துப் போட்டது அது. உங்களைத் தெரிந்த ஒருவர் உங்களுக்காக எடுத்துத் தரும் பாட்டுக்கு ஈடு கிடையாது.

இரண்டாம் படி: கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

நேரில் கூடிக் கேட்கிற வட்டம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பழைய ரெக்கார்டு விற்கிற கடையில் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் நின்றால் போதும், ஆட்கள் தெரிந்துவிடுவார்கள். இசைத்தட்டு சேகரிப்பில் ஆர்வம் இருந்தால், மும்பையில் 1990இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் இந்தியன் ரெக்கார்டு கலெக்டர்ஸ் மாதிரியான அமைப்புகள் இருக்கின்றன. கர்நாடக இசை என்றால் மார்கழி சீசனில் சபா சீசன் டிக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். மதிய நேர இலவசக் கச்சேரிக்குப் போய், கேன்டீனில் பக்கத்து மேஜையில் காபி குடிக்கிற மாமாவிடமோ மாமியிடமோ 'நாளைக்கு யாரைக் கேட்கலாம்' என்று கேளுங்கள். சீசன் டிக்கெட்டும் ஒருவகைச் சந்தாதான். அந்த மேஜையில் இருப்பதுதான் ரசிகர் கூட்டம்.

நல்ல கூட்டத்துக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். 'இதைக் கேளுங்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு முதலில் கிடைத்த பரிந்துரை இப்படித்தான் இருந்தது: 1977 மே 8, நியூயார்க் மாநிலம் இதாக்கா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். இரண்டாவது செட்டில், அதாவது இடைவேளைக்குப் பின், 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் த மவுன்டன்' தொடங்குகிற இடம். 'எங்கே முதல் பாட்டு முடிகிறது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள், முடியாது' என்றார் சொன்னவர். நான் ஹெட்ஃபோனில் நான்கு தடவை கேட்டேன். முடியவில்லை. அன்றைக்கு அந்தக் குழு என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஒரு இரவின் டேப் நம் கைக்கு வந்த கதையே ரசிகர்களின் கதைதான். குழுவின் ஒலிப் பொறியாளர்களில் ஒருவரான பெட்டி கேன்டர்-ஜாக்சன் நேரடியாகப் பதிவு செய்தது அது. அவர் பதிவு செய்த டேப்கள் பல ஒரு கிடங்கில் கிடந்து, வாடகை பாக்கியால் 1986இல் ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுத்தவர்களிடமிருந்து அவற்றைக் கண்டெடுத்துச் சீர்செய்து பரப்பியவர்கள் ரசிகர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பார்ட்டன் ஹால் பதிவைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வுகளில் சேர்த்தது. முறைப்படி ரெக்கார்டாக வெளிவந்தது 2017இல், கச்சேரி நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து. அத்தனை ஆண்டுகளும் அந்த இசையை உயிரோடு வைத்திருந்தது கையிலிருந்து கைக்குப் போன டேப்தான்.

மூன்றாம் படி: கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பரிந்துரைத்தவர் யார், என்ன காரணம் சொன்னார், உங்களுக்கு எப்படி இருந்தது. இந்த மூன்றையும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் தெரியவரும்: கூட்டத்தில் இருபது பேர் பேசினாலும், உங்கள் காதோடு ஒத்துப்போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது பிடிக்காத நாளில்கூட ஒரு முறைக்கு மேல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். 'சிறந்த பத்து எது?' என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்கிற பத்தையே சொல்வார்கள். 'எனக்கு இந்தப் பாட்டில் வயலின் நுழைகிற இடம் பிடித்தது, இதே மாதிரி வேறென்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். எதிரில் இருப்பவரின் முகமே மாறும். எழுந்து போய் அலமாரியில் தேட ஆரம்பித்துவிடுவார்.

நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மேடையின் ஒலிக் கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்தது சவுண்ட்போர்டு பதிவு. ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாக இருக்கும், அரங்கின் உயிர் குறைவாக இருக்கும். கூட்டத்தின் நடுவில் மைக் வைத்து எடுத்தது ஆடியன்ஸ் பதிவு; அதில் கைதட்டல், எதிரொலி, பக்கத்து ஆள் பேசுவது எல்லாம் வரும். புதியவர்கள் சவுண்ட்போர்டில் தொடங்குவதுதான் நல்லது. ஒரு ஐம்பது மணி நேரம் கேட்ட பிறகு நல்ல ஆடியன்ஸ் பதிவு ஒன்றைப் போடுங்கள். அந்த அரங்கில் நீங்களே நிற்கிற மாதிரி இருக்கும். இன்டர்நெட் ஆர்கைவ் 2002இல் தொடங்கிய நேரடி இசைக் காப்பகத்தில் கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஆறு மாதம் தாராளமாக ஓட்டலாம்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. ரசிகர் கூட்டத்துக்கு ஒரே திசையில் ஓடுகிற குணம் இருக்கிறது. கார்னெல் இரவை எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்து, அதற்கு முன்னும் பின்னும் அதே மே மாதத்தில் நடந்த அருமையான கச்சேரிகள் நிழலில் போய்விட்டன. எல்லோரும் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அதற்கு அடுத்த நாளையும் கேளுங்கள்.

நான்காம் படி: இப்போது சந்தா

ஆறு மாதம் ஆகிவிட்டதா? உங்கள் நோட்டில் ஐம்பது குறிப்பாவது இருக்கிறதா? சரி, சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் உண்மையான பயன் இருக்கிறது. ரசிகர் கூட்டத்தில் இருக்கிறவர்கள் தங்கள் வட்டத்துக்குள்ளேயே சுற்றுவார்கள். நான் மூன்று வருடம் டெட்டைத் தவிர வேறெதுவும் கேட்காமல் இருந்திருக்கிறேன். மாதம் ஒரு முறை, நீங்கள் கேட்காத ஒன்று வாசலில் வந்து நிற்பது அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி.

எந்தச் சந்தா? ரசிகர் கூட்டத்திலிருந்து பிறந்த கிளப்பைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில்.

சியாட்டிலின் சப் பாப் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம், புரூஸ் பேவிட் என்ற ரசிகர் 1980இல் ஒலிம்பியா ஊரிலிருந்து நடத்திய சிற்றிதழ். தங்கள் பகுதியின் சின்னச் சின்னக் குழுக்களைப் பற்றி எழுதினார். சில இதழ்களைத் தாளுக்குப் பதில் கேசட்டாகவே வெளியிட்டார். அது ரெக்கார்டு கம்பெனியாக வளர்ந்தது. 1988 நவம்பரில் சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு சிங்கிள் அனுப்பும் கிளப்பைத் தொடங்கினார்கள். முதலில் போனது யாருக்கும் தெரியாத ஒரு குழுவின் முதல் சிங்கிள். ஆயிரம் பிரதிகள், கையால் எண் போட்டவை. அந்தக் குழு நிர்வாணா. மூன்று வருடத்தில் உலகமே அவர்களைக் கேட்டது. கொலம்பியா கிளப்பும் தபாலில்தான் அனுப்பியது, இதுவும் தபாலில்தான் அனுப்பியது. இங்கே தேர்ந்தெடுத்தவர் அந்தக் குழுக்களின் கச்சேரியில் முன்வரிசையில் நின்றவர்.

டெட் ரசிகர்களிடமும் இதே கதை. டிக் லாட்வாலா என்பவர் வெறும் டேப் சேகரிப்பாளர். அவர் காது எவ்வளவு நுணுக்கம் என்று தெரிந்து, குழு தன் சொந்த டேப் அறையின் பொறுப்பையே அவரிடம் கொடுத்தது. 1993இல் அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் 'டிக்'ஸ் பிக்ஸ்' என்ற வரிசையாக வரத் தொடங்கின. 1999இல் அவர் இறந்த பிறகும் அந்த வரிசை தொடர்ந்து, 36 தொகுதிகளோடு 2005இல் முடிந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற டேவிட் லெம்யூவின் பெயரில் 2012இல் தொடங்கிய 'டேவ்'ஸ் பிக்ஸ்' வருடம் நான்கு தொகுதி. வருடச் சந்தாவும் உண்டு. தேர்ந்தெடுப்பவரின் பெயரே தலைப்பில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் யாரோடு சண்டை போட வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே பணம் கட்டும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: தேர்ந்தெடுப்பவர் யார்? பெயர் போட்டிருக்கிறார்களா? அவர் வேறு என்ன தேர்ந்தெடுத்திருக்கிறார்? கடந்த ஒரு வருடப் பட்டியலை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் ஐந்து பிடித்தால் நல்ல கிளப். பன்னிரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த புகழ்பெற்ற ஆல்பங்களாக இருந்தால், அங்கே கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அவர்கள் விற்பது அழகான மறுபதிப்பு. அது வேண்டுமானால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் தேடல் என்ற கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து நிபந்தனைகள். ஒரு மாதத்தைத் தாண்டிவிட முடியுமா? பிடிக்காததற்குப் பதில் வேறொன்று எடுக்கலாமா? சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா? அந்தப் பழைய அட்டை இன்று நம் பேங்க் கார்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுக்காவிட்டால் சம்மதம் என்பது மட்டும் மாறவில்லை. இந்தியாவில் 2021 அக்டோபரிலிருந்து, மாதாமாதம் தானாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். என் இரண்டாவது வருடச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டது நான் ஒரு தகவலைத் திறக்காமல் விட்டதால்தான். பணத்தைத் திரும்ப வாங்க அந்தக் கம்பெனியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

வெளிநாட்டுக் கிளப் என்றால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சில சமயம் ரெக்கார்டு விலையைவிட அது அதிகமாகிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு சந்தா எடுத்து, மாதம் ஒருவர் வீட்டில் கூடிக் கேட்பது எங்கள் வட்டத்தில் நன்றாக ஓடுகிறது. ரெக்கார்டு யாருக்கு அதிகம் பிடித்ததோ அவர் வைத்துக்கொள்வார். யாருக்கும் பிடிக்காதது பழைய ரெக்கார்டு கடைக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் பார்சலை வாசலில் வெயிலில் போட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். வினைல் வளைந்துவிடும். வந்த அன்றே பிரித்து, தட்டையாக இருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பாருங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பழைய அமெரிக்க ரெக்கார்டு வாங்கும்போது அட்டையில் 'சிஆர்சி' (CRC) என்ற மூன்று எழுத்தைப் பார்த்தால் அது கொலம்பியா கிளப் பிரதி. சேகரிப்பாளர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள். கேட்பதற்காக வாங்குகிறவர் கவலைப்பட வேண்டாம், பேரம் பேச அது உதவும்.

ஐந்தாம் படி: திருப்பிக் கொடுங்கள்

பலர் மறந்துவிடுகிற படி இது. ஆனால் கூட்டம் ஓடுவதே இதனால்தான். வெற்று கேசட்டும் தபால் தலையும் அனுப்பியவர், டேப் வந்த பிறகு அடுத்த புதியவருக்குப் பதிவு செய்து அனுப்பினார். அவ்வளவுதான் அந்த அமைப்பு. உங்களால் என்ன கொடுக்க முடியும் என்று தயங்க வேண்டாம். நமக்குத் தெரிந்த இசையே அங்கே பலருக்குத் தெரியாது. எங்கள் வட்டத்தில் ஜாஸ் மட்டுமே கேட்கிற ஒரு நண்பருக்கு நாகஸ்வரத்தில் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். எந்த நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும், தவில் நுழையும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் வந்தபோது கையில் ஒரு ரெக்கார்டும் அதேபோல் எழுதிய ஒரு தாளும் இருந்தன.

உங்கள் நோட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த குறிப்பை எடுத்து அப்படி ஒரு தாள் எழுதுங்கள். பாட்டு எது, எந்த ஒலிப்பதிவு, எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது. நான்கு வரி போதும். அடுத்த முறை கூட்டத்துக்குப் போகும்போது புதிதாக வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள்.